நலம், நலமறிய ஆவல்: பிராக்கிலிருந்து வார்சா வரை

மார்ச் 4, பிராக்

திருச்சி ஆர்.எம்.எஸ்.ஸில், அதாவது ரயில்வே தபால் பிரிவில், முப்பத்தைந்து ஆண்டுகள் கடிதம் பிரித்தவன் நான். ஆடும் ரயில் பெட்டியில் நின்றுகொண்டு, புறாக்கூண்டு போன்ற சிறு அறைகளுக்குள் ஊர் ஊராகக் கடிதங்களை எறிந்து பழகிய கை இது. ஓய்வு பெற்ற பிறகும் எந்த ஊருக்குப் போனாலும் முதலில் தபால் பெட்டி என்ன நிறம் என்றுதான் பார்ப்பேன். பிராக்கில் ஆரஞ்சு.

மகள் இங்கே வேலைக்கு வந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. போன முறை வந்தபோது கோட்டையும் பாலமும் பார்த்தாயிற்று. இந்த முறை மனத்தில் ஒரே ஒரு திட்டம். இரண்டாம் உலகப் போரின்போது யூதக் குடும்பங்கள் ஒருவருக்கொருவர் எழுதிய கடிதங்கள் எந்த ஊர்களில் எழுதப்பட்டனவோ, எங்கே தடைபட்டனவோ, எங்கே புதைக்கப்பட்டனவோ அந்த ஊர்களுக்கெல்லாம் போக வேண்டும். பிராக், டெரேசின், பிர்கெனாவ், லோட்ஸ், வார்சா. ஒவ்வொரு நாள் இரவும் அன்றன்று பார்த்ததை எழுதிவிடுவதாக எண்ணம்.

முதலில் பிராக் தலைமை ரயில் நிலையம். முதலாம் நடைமேடையில் ஒரு வெண்கலச் சிலை. கண்ணாடி அணிந்த ஒருவர் ஒரு குழந்தையைத் தூக்கி வைத்திருக்கிறார். பக்கத்தில் ஒரு சிறுமி, ஒரு பெட்டி. அவர் நிக்கோலஸ் விண்டன், லண்டனில் பங்குத் தரகராக இருந்தவர். 1939 மார்ச் முதல் ஆகஸ்டு வரை எட்டு ரயில்களில் 669 குழந்தைகள், பெரும்பாலும் யூதக் குழந்தைகள், இங்கிருந்து பிரிட்டனுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அவரும் அவருடைய நண்பர்களும் அந்தக் குழந்தைகளுக்கு விசாவும் வளர்ப்புக் குடும்பமும் தேடிக் கொடுத்தார்கள். ஒன்பதாவது ரயில் செப்டம்பர் 1 அன்று 250 குழந்தைகளோடு புறப்பட வேண்டியது. அன்று போர் மூண்டது. ரயில் புறப்படவில்லை.

நிலையத்திலேயே இன்னொரு நினைவுச் சின்னமும் உண்டு. பழைய ரயில் பெட்டியின் கதவு. அதன் கண்ணாடியில் ஒரு பக்கம் குழந்தைகளின் கைகள், மறுபக்கம் பெற்றோரின் கைகள். பயணிகள் பெட்டியை இழுத்துக்கொண்டு அதைக் கடந்து ஓடுகிறார்கள். ஒருவர் நின்று கண்ணாடியில் தம் கையை வைத்துப் பார்த்துவிட்டுப் போனார்.

பெரும்பாலான அந்தப் பெற்றோருக்கு அதற்குப் பிறகு குழந்தை என்பது கடிதம்தான். போர் தொடங்கும்வரை நேரடித் தபால் இருந்தது. பல் விளக்கினாயா, அங்கே உனக்குப் போர்வை போதுமா என்று பக்கம் பக்கமாக எழுத முடிந்தது. செப்டம்பர் 3-க்குப் பிறகு பிரிட்டனும், பிராக்கைப் பிடித்து வைத்திருந்த ஜெர்மனியும் எதிரி நாடுகள். நடுநிலை நாடுகளில் சொந்தக்காரர் இருந்தவர்கள் அவர்கள் வழியாக எழுதினார்கள். பிரிட்டனிலிருந்து தாமஸ் குக் பயண நிறுவனத்தின் மூலம் இரண்டு ஷில்லிங் கட்டி எழுதலாம். பதில் வரும் முகவரி போர்ச்சுகலின் லிஸ்பன், அஞ்சல் பெட்டி எண் 506. போர் மறித்துப் போட்ட எத்தனையோ குடும்பங்களின் கடிதங்கள் ஒரே ஓர் அஞ்சல் பெட்டி எண்ணுக்குப் போய் விழுந்தன என்றால், அங்கே உட்கார்ந்து பிரித்தவர்களின் மேசையை என்னால் கற்பனை செய்ய முடிகிறது.

மற்றவர்களுக்கு மிஞ்சியது செஞ்சிலுவைச் சங்கத்தின் படிவம். ஒரு செய்திக்கு 25 சொற்கள். குடும்ப விஷயம் மட்டும். தணிக்கை உண்டு. ஜெனீவாவின் வட்ட முத்திரை வாங்கிக்கொண்டு போய், அதே தாளின் பின்பக்கத்தில் பதில் எழுதப்பட்டுத் திரும்பி வர மாதக்கணக்கில் ஆகும். போர்க்காலத்தில் இப்படி இரண்டு கோடிக்கும் மேற்பட்ட செய்திகளை அந்தச் சங்கம் கொண்டு சேர்த்தது. செஞ்சிலுவைக் கடிதம் என்றால் என்னவென்று ஈழத் தமிழர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இரவு சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு தாளை எடுத்து, மனைவிக்கு 25 சொற்களில் எழுதிப் பார்த்தேன். "அன்புள்ள", "நலம், நலமறிய ஆவல்", மகள் நன்றாக இருக்கிறாள், குளிர் அதிகம், மருந்து சாப்பிடுகிறேன். எண்ணிப் பார்த்தால் பதினொரு சொற்கள் போய்விட்டன, இன்னும் ஒன்றுமே சொல்லவில்லை. பிறகுதான் உறைத்தது. 'நலம், நலமறிய ஆவல்' என்ற அந்த மூன்று சொற்களுக்காகத்தான் அவர்கள் அந்தப் படிவத்தையே நிரப்பினார்கள்.

மார்ச் 5, டெரேசின்

பிராக்கிலிருந்து பஸ்ஸில் வந்தால் டெரேசின் ஊருக்குள்ளேயே இறங்கலாம். மகளும் அதைத்தான் சொன்னாள். நான் ரயிலில்தான் போக வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன். போஹுஷோவிட்சே என்ற சின்ன நிலையத்தில் இறங்கி ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர் நடக்க வேண்டும். 1943 ஜூனில் கைதிகளைக் கொண்டே ஒரு கிளைப் பாதை போடும்வரை, இங்கே கொண்டுவரப்பட்ட யூதர்கள் எல்லோரும் மூட்டை முடிச்சோடு இந்தத் தூரத்தை நடந்துதான் கடந்தார்கள். வயல்கள், இலை இல்லாத மரங்கள், காற்று. பாதி வழியில் மகள் என் பையை வாங்கிக்கொண்டாள்.

1780-ல் பேரரசர் இரண்டாம் ஜோசப் தம் தாய் மரியா தெரசாவின் பெயரில் கட்டத் தொடங்கிய கோட்டை நகரம் இது. நேரான தெருக்கள், பெரிய பெரிய படைவீடுகள். 1941 நவம்பரில் நாஜிகள் இதை யூதர்களை அடைக்கும் கெட்டோவாக்கினார்கள். சிப்பாய்களோடு சேர்த்தே சுமார் ஏழாயிரம் பேர் இருந்த ஊரில், 1942 செப்டம்பரில் 58,000 பேர் அடைந்து கிடந்தார்கள். மொத்தம் 1,40,000-க்கும் மேற்பட்டோர் வந்தார்கள். ஏறக்குறைய 33,000 பேர் இங்கேயே பசியிலும் நோயிலும் இறந்தார்கள். சுமார் 88,000 பேர் கிழக்கே கொலைக்களங்களுக்கு ரயிலேற்றப்பட்டார்கள்.

இங்கே கடிதத்தின் கதை தூக்குமரத்தில் தொடங்குகிறது. தொடக்கத்தில் வெளியே எழுதுவதே குற்றம். 1942 ஜனவரி 10 அன்று ஒன்பது பேரும், பிப்ரவரி 26 அன்று ஏழு பேரும் தூக்கிலிடப்பட்டார்கள். வீட்டுக்குத் திருட்டுத்தனமாகக் கடிதம் அனுப்பியது போன்றவைதான் அவர்கள் செய்த குற்றங்கள். அப்போதெல்லாம் டெரேசின் ஒரு வாழுமிடம் என்று நம்பிக்கொண்டிருந்தவர்களுக்கு அந்தப் பதினாறு பேரின் சாவு எல்லாவற்றையும் சொல்லிவிட்டது.

பிறகு அனுமதி வந்தது. அஞ்சலட்டை மட்டும், முப்பது சொற்கள், ஜெர்மன் மொழியில். வீட்டில் செக் மொழி பேசியவர்களும் ஜெர்மனில்தான் எழுத வேண்டும். ஊர் எப்படி இருக்கிறது, என்ன சாப்பிடுகிறோம், யார் இறந்தார் என்பதெல்லாம் எழுதக் கூடாது. தடுக்கப்பட்ட எல்லாவற்றையும் கழித்துவிட்டால் கையில் நிற்பது மறுபடியும் அதே மூன்று சொற்கள்.

அருங்காட்சியகத்தில் நான் நெடுநேரம் நின்றது ஒரு தபால்தலைக்கு முன்னால். கரும்பச்சை நிறம். ஒரு நாட்டுப்புறக் காட்சி: மரங்கள், வெட்டவெளி, அமைதி. அதில் 'தெரேசியென்ஸ்டாட்' என்று ஊரின் ஜெர்மன் பெயர். விலை அச்சிடப்படவில்லை. விலை இல்லாத தபால்தலையை என் வாழ்நாளில் நான் கையாண்டதில்லை. 1943 ஜூலையில் வெளியான இது கட்டணத்துக்கான தலை அன்று, அனுமதிக்கான தலை. உள்ளே இருப்பவருக்கு முறை வரும்போது ஒரு தலை ஒதுக்கப்படும். அது பிராக்கில் இருக்கும் உறவினருக்குப் போய்ச் சேரும். அவர் அதைப் பொட்டலத்தில் ஒட்டித் தபாலில் போட வேண்டும். அது இல்லாமல் ஒரு ரொட்டித் துண்டும் கோட்டைக்குள் நுழையாது. இதற்குள் பிராக்கில் பொட்டலம் கட்ட யார் மிச்சம் இருந்தார்கள்? கலப்புமணம் செய்துகொண்ட உறவினர், யூதரல்லாத பழைய அண்டை வீட்டார், ஒருவேளை பழைய வேலைக்காரம்மா. லிஸ்பனிலிருந்து மத்தி மீன் டின்கள் வந்த கதையும் உண்டு. முகம் தெரியாதவர்கள் அனுப்பிய டின்கள்.

பொட்டலம் கிடைத்ததும் ஒரு ரசீது அட்டை திரும்பிப் போகும். 'உங்கள் பொட்டலத்தை நன்றியுடன் பெற்றுக்கொண்டேன்' என்ற வாசகம் முன்பே அச்சிடப்பட்டிருக்கும். தேதியும் கையெழுத்தும் மட்டும் கையால். எனக்கு ஒப்புகை அட்டை புதிதல்ல. பதிவுத் தபாலோடு போய்த் திரும்பும் அந்த அட்டைகளை ஆயிரக்கணக்கில் பிரித்திருக்கிறேன், ஒரு கையெழுத்தைக்கூட உற்றுப் பார்த்ததில்லை. இங்கே அந்தக் கையெழுத்துதான் கடிதம். அப்பாவின் கை நடுங்குகிறதா, அம்மாவின் எழுத்து சுருங்கிவிட்டதா, போன மாதம் கையெழுத்திட்டவர்தான் இந்த மாதமும் இட்டிருக்கிறாரா என்று ஒரு கோட்டை வைத்துக்கொண்டு வீடே ஆராய்ந்திருக்கும்.

கண்ணாடிப் பெட்டியைவிட்டு நகர மனமில்லை. மகள் வந்து தோளைத் தொட்டாள். "அப்பா, பூட்டப் போகிறார்கள்."

மார்ச் 6, பிராக்

காலையில் பிங்காஸ் யூத ஆலயம். சுவரெல்லாம் பெயர்கள். செக் நாட்டின் பொஹிமியா, மொராவியா பகுதிகளைச் சேர்ந்த, நாஜிகளால் கொல்லப்பட்ட ஏறக்குறைய 80,000 யூதர்களின் பெயர்கள், ஊர் ஊராக, குடும்பம் குடும்பமாக, பிறந்த தேதியோடு கையால் எழுதப்பட்டவை. 1950-களில் எழுதினார்கள். கம்யூனிஸ்டு ஆட்சியில் ஆலயம் மூடப்பட்டு எழுத்துகள் அழிந்தன. 1992-க்குப் பிறகு மறுபடியும் எல்லாப் பெயர்களையும் முதலிலிருந்து எழுதினார்கள்.

மேல் மாடியில் டெரேசின் குழந்தைகளின் ஓவியங்கள். ஃபிரீடல் டிக்கர்-பிராண்டைஸ் என்ற ஓவியர் அங்கே குழந்தைகளுக்கு வரையக் கற்றுக்கொடுத்தார். 1944 அக்டோபரில் ஆஷ்விட்ஸ் கொலை முகாமுக்கு அனுப்பப்பட்டுக் கொல்லப்பட்டார். அவர் விட்டுச் சென்ற இரண்டு பெட்டிகளில் சுமார் 4,500 ஓவியங்கள் இருந்தன. முகவரி எழுதாத கடிதங்கள் என்றே அவற்றை நான் பார்த்தேன்.

இரவு ரயிலுக்குத் துணிகளை மடித்துக்கொண்டிருக்கிறேன். இங்கிருந்து நான் தனியாகத்தான் போகிறேன்.

மார்ச் 7, ரயிலில்

ஆஸ்திராவா, பொஹுமின், எல்லை, போலந்து. வெளியே பனி மூட்டம். எழுத அதிகம் இல்லை என்றுதான் நினைத்தேன். ஆனால் ரயில் என்றால் எனக்கு எழுதாமல் இருக்க முடியாது.

எங்கள் ஆர்.எம்.எஸ். பெட்டியின் பக்கவாட்டில் ஒரு பிளவு இருக்கும். வண்டி புறப்படும் நேரத்தில் மூச்சிரைக்க ஓடிவந்து, கூடுதல் கட்டணத் தலையை ஒட்டி, அதற்குள் கடிதத்தைப் போடுவார்கள். வேலைக்கான விண்ணப்பம், மருத்துவமனைச் செய்தி, காதல். நகரும் வண்டியோடு இரண்டடி ஓடிவந்து போட்டவர்களும் உண்டு.

போர்க்கால ஐரோப்பாவில் கடிதங்கள் எதிர்த் திசையில் பறந்தன, ரயிலுக்குள்ளிருந்து வெளியே. பாரிஸுக்கு அருகே டிரான்சி முகாமிலிருந்து புறப்பட்ட சரக்குப் பெட்டிகளின் இடுக்குகள் வழியாக, கிடைத்த தாளில் பென்சிலால் எழுதி எறிந்தார்கள். 'கண்டெடுப்பவர் தயவுசெய்து இந்த முகவரிக்கு அனுப்பவும்' என்ற கோரிக்கையோடு விழுந்த அந்தத் தாள்களைத் தண்டவாளத் தொழிலாளர்களும் வழிப்போக்கர்களும் பொறுக்கி, உறை வாங்கி, தபால்தலை ஒட்டி அனுப்பினார்கள். நெதர்லாந்தில் எட்டி ஹிலெஸும் என்ற இளம்பெண் 1943 செப்டம்பர் 7 அன்று பெற்றோரோடும் தம்பியோடும் வெஸ்டர்போர்க் முகாமிலிருந்து ரயிலேற்றப்பட்டபோது ஓர் அஞ்சலட்டையை வெளியே எறிந்தார். பாடிக்கொண்டே முகாமைவிட்டுக் கிளம்பினோம் என்று அதில் எழுதியிருந்தார். விவசாயிகள் கண்டெடுத்துத் தபாலில் சேர்த்தார்கள். அந்த நவம்பர் 30 அன்று ஆஷ்விட்ஸில் அவர் இறந்தார்.

அந்த அட்டையை எடுத்த விவசாயியைப் பற்றி நினைத்துக்கொண்டிருக்கிறேன். படித்துவிட்டுத் தீயில் போட்டிருக்கலாம், யார் கேட்கப் போகிறார்கள்? வயல் வேலையை விட்டுவிட்டு ஊருக்குள் போய்த் தபால் பெட்டியில் போட்டிருக்கிறார். எங்கள் இலாகாவில் அவருக்கு ஒரு பதவியும் இல்லை. ஆனால் அவர்தான் தபால்காரர்.

மார்ச் 8, பிர்கெனாவ்

இந்தத் தேதியில் இங்கே இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுத்தான் பயணத்தை அமைத்தேன்.

ஆஷ்விட்ஸ் முகாமின் ஒரு பகுதியான பிர்கெனாவின் வாசலைக் கடந்து வலப்பக்கம் திரும்பினால் வரிசை வரிசையாகப் புகைபோக்கிகள் நிற்கின்றன. மரக் கொட்டகைகள் போய்விட்டன, செங்கல் மட்டும் மிச்சம். இரண்டு முள்வேலிகளுக்கு நடுவே ஒரு நீண்ட புல்வெளி. அதன் பெயர் பி-2-பி. டெரேசின் குடும்ப முகாம் என்று அழைப்பார்கள்.

1943 செப்டம்பரில் டெரேசினிலிருந்து 5,006 பேர் இங்கே கொண்டுவரப்பட்டார்கள். ஆஷ்விட்ஸில் நடக்காத ஒன்று அவர்களுக்கு நடந்தது. வந்தவுடன் பிரித்து நச்சுவாயு அறைக்கு அனுப்பவில்லை. தலையை மழிக்கவில்லை. ஆணும் பெண்ணும் தனித்தனிக் கொட்டகைகளில் என்றாலும் குடும்பங்கள் ஒரே வேலிக்குள் இருந்தன. ஃபிரெடி ஹிர்ஷ் என்ற இளைஞர் குழந்தைகளுக்கென்று ஒரு கொட்டகையைக் கேட்டு வாங்கி, பாடமும் பாட்டும் நடத்தினார். டிசம்பரில் இன்னும் 5,000 பேர் வந்தார்கள். மற்ற முகாம்களில் இருந்தவர்களுக்கு இது புரியாத புதிர். இவர்களுடைய ஆவணங்களில் ஒரு குறிப்பு இருந்தது: ஆறு மாதத்துக்குப் பிறகு 'சிறப்பு நடவடிக்கை'. நாஜிகளின் அலுவலக மொழியில் அதற்குக் கொலை என்று பொருள்.

இவர்களை உயிரோடு வைத்திருந்ததற்குக் காரணம் வெளியுலகுக்குக் காட்டத்தான் என்று வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள். கிழக்கே அனுப்பப்பட்டவர்கள் எங்கே என்று செஞ்சிலுவைச் சங்கம் கேட்டால் காட்ட ஆள் வேண்டும், டெரேசினில் இருப்பவர்கள் கேட்டால் காட்டக் கடிதம் வேண்டும். எனவே இங்கே கடிதம் எழுத அனுமதி இருந்தது. அனுப்புநர் முகவரி: 'பிர்கெனாவ் உழைப்பு முகாம், நொய்பெருன் அருகில், மேல் சிலேசியா'. ஆஷ்விட்ஸ் என்ற பெயர் இல்லை.

1944 மார்ச் தொடக்கத்தில் செப்டம்பரில் வந்தவர்களிடம் அஞ்சலட்டைகள் கொடுக்கப்பட்டன. வேறோர் உழைப்பு முகாமுக்குப் போகப் போகிறீர்கள், வீட்டுக்கு எழுதுங்கள், நலமாக இருப்பதாக எழுதுங்கள் என்றார்கள். தேதி மட்டும் மார்ச் 25, 26, 27 என்று போடுங்கள் என்றார்கள். கடிதம் தணிக்கையாகிப் போக நாளாகும் என்பது அதற்குச் சொன்ன காரணம்.

அவர்கள் எழுதினார்கள். மார்ச் 7 அன்று பக்கத்து வேலிக்குள் மாற்றப்பட்டார்கள். ஃபிரெடி ஹிர்ஷ் மறுநாள் இறந்துகிடந்தார். 8-ஆம் தேதி இரவு லாரிகள் வந்தன. 3,792 பேர் அன்றிரவு நச்சுவாயு அறைகளில் கொல்லப்பட்டார்கள். செக் நாட்டுப் பண்ணும் 'ஹத்திக்வா' என்ற யூதப் பாடலும் பாடியதாக அங்கே வேலை செய்யக் கட்டாயப்படுத்தப்பட்ட கைதிகள் பின்னால் சாட்சி சொன்னார்கள்.

அட்டைகள் அதற்குப் பிறகு புறப்பட்டன. இத்தகைய அட்டைகள் பலவற்றில் முத்திரை பெர்லினுடையது, எழுதிய இடத்தினுடையது அன்று.

அவற்றில் ஒன்றின் நகலை வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். பென்சில் எழுத்து. வரிகள் நேராக இருக்கின்றன. எழுதியவர் யார் என்பதை இங்கே சொல்லப் போவதில்லை. கீழே கையெழுத்துக்கு முன் சிறிது இடம் விட்டிருக்கிறார். மேலே வலப்பக்க மூலையில் தேதி. அந்தத் தேதியில் அவர் இறந்து இரண்டு வாரத்துக்கும் மேல்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் எனக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடம் முத்திரை. காலையில் வந்ததும் தேதியை மாற்ற வேண்டும். முத்திரைப் புத்தகத்தில் ஒரு முறை அடித்துக் காட்டி, பொறுப்பாளர் பார்த்துக் கையெழுத்திட்ட பிறகுதான் முதல் கடிதத்தைத் தொடலாம். என்னப்பா, ஒரு தேதிக்கு இவ்வளவா என்று கேட்டேன். "தம்பி, உலகத்தில் எது பொய் சொன்னாலும் இது சொல்லக் கூடாது" என்றார் அந்தப் பெரியவர். நீதிமன்றத்தில் சாட்சியாக நிற்கும் தேதி அது. அதைவிட முக்கியம், வீட்டில் அதை நம்புகிறார்கள். கடிதம் வந்தால் முதலில் யாரும் செய்தியைப் படிப்பதில்லை. தேதியைத்தான் பார்க்கிறார்கள். 'இருபத்தைந்தாம் தேதி எழுதியிருக்கிறான்' என்றால் இருபத்தைந்தாம் தேதி உயிரோடு இருக்கிறான். டெரேசினில் அந்த அட்டை வந்த நாளில் ஏதோ ஒரு படுக்கையில் ஒரு தாய் அந்த மூலையைத் தொட்டுப் பார்த்து நிம்மதியாகத் தூங்கியிருப்பாள். கொன்றதோடு நிற்காமல் அந்த நிம்மதியையும் அவர்கள் ஓர் ஆயுதமாக எடுத்துக்கொண்டார்கள். அடுத்த ரயிலுக்கு அவள் அடம்பிடிக்காமல் வர வேண்டும் அல்லவா? முப்பத்தைந்து ஆண்டுகள் நான் செய்த வேலையின் மேல் யாரோ காறி உமிழ்ந்ததுபோல் இருக்கிறது எனக்கு.

எழுதியவர்களும் ஏமாந்தவர்களாகவே இருந்துவிடவில்லை. தணிக்கையாளருக்குத் தெரியாத ஹீப்ரு சொற்களை மனிதர்களின் பெயர்கள்போல் நுழைத்தார்கள். 'லெஹெம்' என்றால் ரொட்டி. 'மாவெத்' என்றால் சாவு. லெஹெம் எங்களோடு இல்லை, மாவெத்தை அடிக்கடி பார்க்கிறோம் என்பது போன்ற குறிப்புகளை, குடும்ப நண்பரைப் பற்றிய விசாரிப்பு என்று நினைத்து ஜெர்மன் அதிகாரி கடந்துவிடுவார். வீட்டில் ஹீப்ரு தெரிந்த ஒருவர் இருந்தால் போதும்.

ஜூலையில் குடும்ப முகாமே ஒழிக்கப்பட்டது. மே மாதம் வந்த 7,500 பேரையும் சேர்த்தால் இந்தப் புல்வெளியில் வாழ்ந்தவர்கள் ஏறக்குறைய 17,500 பேர். போர் முடியும்போது உயிரோடு இருந்தவர்கள் 1,300-ஐக்கூட எட்டவில்லை. அதே கோடையில் ஹங்கேரியிலிருந்து வந்த யூதர்களிடமும் அட்டைகள் நீட்டப்பட்டன. அவர்கள் எழுத வேண்டிய ஊரின் பெயர் 'வால்ட்சே', காட்டு ஏரி என்று பொருள். அழகான பெயர்.

மாலையில் இடிந்து கிடக்கும் எரியூடங்களின் பக்கம் போனேன். பிணங்களை எரிக்கும் வேலைக்குக் கட்டாயப்படுத்தப்பட்ட யூதக் கைதிகள் இந்த மண்ணுக்குள் எழுதிப் புதைத்தார்கள். மனைவிக்கும் மகளுக்கும் 1944 நவம்பர் 6 தேதியிட்டு ஒருவர் பிரெஞ்சு மொழியில் எழுதிய கடிதம், 1945 பிப்ரவரியில் ஒரு பாட்டிலுக்குள் கிடைத்தது. கிரேக்கத்தின் தெசலோனிக்கியைச் சேர்ந்த மார்செல் நஜாரியின் கடிதம் 1980-ல்தான் மண்ணிலிருந்து வெளியே வந்தது, ஒரு தெர்மாஸ் குடுவைக்குள். ஈரத்தில் எழுத்து மங்கி, 2017-ல் கணினி உதவியால்தான் பெரும்பகுதியைப் படிக்க முடிந்தது. முதல் பக்கத்தில், கண்டெடுப்பவர் கிரேக்கத் தூதரகத்தில் ஒப்படைக்குமாறு வேற்று மொழிகளில் எழுதியிருந்தார். நஜாரி போரில் தப்பிப் பிழைத்து 1971-ல் இறந்தார். தாம் புதைத்த கடிதம் கண்டெடுக்கப்பட்டதை அவர் அறியவில்லை.

இருட்டும்வரை வேலியோரம் நின்றேன். பேசவில்லை. இந்தப் பதிவின் தலையில் மார்ச் 8 என்று எழுதியிருக்கிறேன், அது இன்றைய தேதிதான்.

மார்ச் 10, லோட்ஸ்

லோட்ஸ் என்று நாம் எழுதுகிறோம், வூச் என்று இவர்கள் சொல்கிறார்கள். பழைய பஞ்சாலை நகரம். செங்கல் ஆலைகளைப் பார்த்ததும் கோயம்புத்தூர் நினைவுக்கு வந்தது.

நாஜிகள் இந்த ஊரின் பெயரை லிட்ஸ்மன்ஸ்டாட் என்று மாற்றி, ஒரு பகுதியை வேலி போட்டுக் கெட்டோ ஆக்கினார்கள். 1941 அக்டோபர், நவம்பரில் வியன்னா, பெர்லின், கொலோன், ஃபிராங்க்ஃபர்ட், ஹாம்பர்க், டுசல்டார்ஃப், லக்சம்பர்க், பிராக் ஆகிய ஊர்களிலிருந்து சுமார் 20,000 யூதர்களைக் கொண்டுவந்து ஏற்கெனவே பிதுங்கிய அந்த இடத்தில் திணித்தார்கள். பிராக்கிலிருந்து மட்டும் ஐந்து ரயில்கள், ஐயாயிரம் பேர். டெரேசின் திறக்கும் முன்பே போனவர்கள் அவர்கள்.

புது ஊருக்குப் போனவன் என்ன செய்வான்? முகவரி எழுதுவான். டிசம்பரில் தபால் அனுமதி கிடைத்ததும் அவர்கள் எழுதித் தள்ளினார்கள். நாங்கள் வந்து சேர்ந்தோம், எங்கள் முகவரி இது, பணம் அனுப்புங்கள், மணியார்டர் வரும் என்கிறார்கள், அம்மா எங்கே இருக்கிறாள். ஜனவரியில் வெளியே போகும் தபால் நிறுத்தப்பட்டது. அதே மாதத்தில்தான் இங்கிருந்து செல்ம்னோ கொலைக்களத்துக்கு ரயில்கள் ஓடத் தொடங்கின. அனுப்பப்படாமல் கெட்டோ தபால் அலுவலகத்தில் தேங்கிய அட்டைகள் இருபதாயிரத்துக்கும் மேல். அவை இன்றும் இந்த நகரின் அரசு ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.

எங்கள் இலாகாவில் ஆர்.எல்.ஓ. என்று ஒன்று உண்டு. கொடுக்கவும் முடியாமல் திருப்பவும் முடியாமல் நின்றுபோன கடிதங்கள் கடைசியாகப் போய்ச் சேரும் அலுவலகம். அங்கே பிரித்துப் பார்த்து, உள்ளே ஏதாவது முகவரி கிடைக்கிறதா என்று தேடுவார்கள். ஆனால் இங்கே எல்லா அட்டைகளிலும் இரண்டு முகவரிகளும் தெளிவாக இருக்கின்றன. அழகான எழுத்து, வீட்டு எண், மாடி எண் எல்லாம். பிழை எதுவும் இல்லை. அனுப்பவில்லை, அவ்வளவுதான்.

கெட்டோவுக்கு வெளியிலிருந்து வந்து திரும்பிப் போன கடிதங்களில் ஒரு ரப்பர் முத்திரை உண்டு. பெறுநரின் தெருவில் தற்போது அஞ்சல் விநியோகம் இல்லை என்று அதற்குப் பொருள். 'முகவரிதாரர் இல்லை' என்று நானும் எத்தனையோ கடிதங்களில் பார்த்திருக்கிறேன். தெருவையே காணோம் என்று சொல்லும் முத்திரையைச் செய்யச் சொல்லி யாரோ ஒருவர் அளவு கொடுத்து, காசு கொடுத்து வாங்கியிருக்கிறார்.

ராடெகாஸ்ட் நிலையம் இன்னும் நிற்கிறது. மரக் கட்டடம், தண்டவாளத்தில் சரக்குப் பெட்டிகள், பக்கத்தில் நீளமான கான்கிரீட் சுரங்கவழி. அதன் சுவரில் ரயில் ரயிலாகப் போனவர்களின் பட்டியல், தட்டச்சுப் பிரதி. 1942 மே மாதம் மட்டும் மேற்கிலிருந்து வந்தவர்களில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் செல்ம்னோவுக்குப் போனார்கள். அதற்கு முன்பே ஜனவரி 19 அன்று, கிராபூவ் என்ற சிற்றூரின் ராபி (யூத மதகுரு) லோட்ஸில் இருந்த உறவினர்களுக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார். செல்ம்னோவிலிருந்து தப்பி வந்தவர் சொன்னதைக் கேட்டு எழுதியது. இதுவரை நிச்சயமாகத் தெரியாததால் எழுதவில்லை, இப்போது தெரிந்துவிட்டது என்று தொடங்கி, கொல்கிறார்கள் என்று ஒளிவுமறைவில்லாமல் எழுதினார். இந்தப் பயணத்தில் நான் அறிந்த கடிதங்களில் நலமாக இருக்கிறேன் என்று சொல்லாத கடிதங்கள் மிகக் குறைவு. அவற்றில் ஒன்று இது.

மார்ச் 11, வார்சா

கடைசி ஊர். துவோமாட்ஸ்கியே தெருவில் யூத வரலாற்று நிறுவனம். மங்கலான அறையில் ஒரு பால் கேன். நம் ஊர்ப் பால்காரர் சைக்கிளில் கட்டிக்கொண்டு வருவாரே, அதே மாதிரி உலோகக் கேன், துரு ஏறியது. நான் தேடி வந்தது இதைத்தான்.

இம்மானுவேல் ரிங்கல்பிளம் என்ற வரலாற்றாசிரியர் வார்சா கெட்டோவுக்குள் ரகசியமாக ஒரு குழுவைச் சேர்த்தார். 'ஓனெக் ஷபாத்', ஓய்வுநாள் இன்பம், என்பது அதன் பெயர், யூதர்களின் ஓய்வுநாளான சனிக்கிழமைகளில் கூடியதால். கட்டுரை, ரேஷன் அட்டை, மிட்டாய்க் காகிதம் என்று எல்லாவற்றையும் சேர்த்தார்கள். அவற்றோடு கடிதங்களையும். பிற ஊர்களிலிருந்து கெட்டோவுக்கு வந்த அட்டைகள், ரயிலிலிருந்து எறியப்பட்டவை.

அதில் ஒரு வகைக் கடிதம் என்னை உலுக்கியது. 1942 கோடையில் வ்வோடாவா என்ற ஊரிலிருந்து வந்தது. மாமா உங்கள் ஊரிலும் கல்யாணம் நடத்த நினைக்கிறார், உங்களுக்குப் பக்கத்திலேயே வீடு பார்த்துவிட்டார் என்கிறது. தணிக்கையாளருக்கு அது குடும்பச் செய்தி. ஆனால் அந்த ஊருக்கு அருகில்தான் சோபிபோர் கொலைக்களம். கல்யாணம் என்றால் சாவு. மாமா என்றால் கொலையாளி. பக்கத்து வீடு என்றால் வார்சாவுக்கு அருகே எழும்பிக்கொண்டிருந்த இன்னொரு கொலைக்களம். கல்யாணப் பத்திரிகை வந்தால் மஞ்சள் தடவியிருக்கிறதா என்று பார்த்துச் சந்தோஷமாகத் தனியாக எடுத்து வைப்போம் நாங்கள். இந்தக் கடிதத்தை எந்த அறையில் போடுவது?

1942 ஆகஸ்டு தொடக்கத்தில், கெட்டோவிலிருந்து நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் ட்ரெப்ளிங்கா கொலைக்களத்துக்கு இழுத்துச் செல்லப்பட்டுக்கொண்டிருந்தபோது, நோவோலிப்கி 68-ஆம் எண் கட்டடத்தின் அடியில் பத்துத் தகரப் பெட்டிகளைப் புதைத்தார்கள். புதைத்தவர்களில் ஒருவன் 19 வயது டேவிட் கிராபர். உலகத்தை நோக்கிக் கத்திச் சொல்ல முடியாததை மண்ணில் புதைத்தோம் என்று எழுதி அதையும் உள்ளே வைத்தான். 1943-ல் இரண்டு பால் கேன்கள். வேறோர் இடத்தில் மூன்றாவது தொகுதி. அது இன்றுவரை கிடைக்கவில்லை.

ரிங்கல்பிளம் 1944 மார்ச்சில் மனைவியோடும் மகனோடும் கொல்லப்பட்டார். குழுவில் பிழைத்தவர்கள் மூவரே: ராஹேல் அவர்பாக், ஹெர்ஷ் வாசர், அவருடைய மனைவி புளூமா. போர் முடிந்தபோது கெட்டோ இருந்த இடத்தில் பெரும்பாலும் தெருவும் இல்லை, சுவரும் இல்லை, மைல் கணக்கில் செங்கல் குவியல். நோவோலிப்கி 68 எங்கே இருந்தது என்று அந்த மேட்டில் யாரால் சொல்ல முடியும்? வாசருக்குத் தெரிந்திருந்தது. 1946 செப்டம்பரில் அளந்து, குழி வெட்டி, பெட்டிகளை எடுத்தார்கள். தண்ணீர் புகுந்து தாள்கள் ஒட்டியிருந்தன. 1950 டிசம்பரில் கட்டட வேலை செய்தவர்களின் மண்வெட்டியில் பால் கேன்கள் தட்டுப்பட்டன. உள்ளே உலர்ந்த தாள். எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 35,000 பக்கங்கள்.

பால் கேனை மூன்று பக்கமும் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். மூடியின் விளிம்பில் சிறிய நசுங்கல் இருக்கிறது. பக்கத்தில் நின்ற ஒரு வயதான அம்மாள் தம் பேத்திக்குப் போலிஷ் மொழியில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பெண் குனிந்து கேனின் வாய்க்குள் எட்டிப் பார்த்தாள்.

வெளியே வந்தபோது மழை தூறிக்கொண்டிருந்தது. இந்த ஊரில் தபால் பெட்டி சிவப்பு. அதன்மேல் அடுத்த எடுப்பு எத்தனை மணிக்கு என்று எழுதியிருக்கிறது.